ட்ரெய்லர் டயருக்கு டிபிஎம்எஸ்: எண் தெரிந்தால் மட்டும் போதாது

காரின் டயரில் காற்று இறங்கினால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், சீட்டில் அதிர்வு வரும். கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் ட்ரெய்லரில் இது எதுவும் நடக்காது. ட்ரெய்லரும் காரும் கொக்கியின் ஒரே ஒரு இரும்பு உருண்டையில்தான் சேர்ந்திருக்கின்றன. பின்னால் டயர் பாதி சப்பையாகி ஓடினாலும் அந்தச் சேதி அந்த உருண்டையைத் தாண்டி முன்னால் வராது. அதற்குள் டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி, உள்ளே இருக்கும் நூல் ரப்பரை விட்டுப் பிரிந்துவிடும். கண்ணாடியில் புகை தெரியும்போது காப்பாற்ற ஒன்றும் மிச்சம் இருக்காது. பெங்களூரில் தார், ஹைலக்ஸ், வி-கிராஸ் மாதிரி வண்டிகளுக்குப் பின்னால் சின்ன கேம்பிங் ட்ரெய்லர்களை இப்போது அவ்வப்போது பார்க்க முடிகிறது. அதில் பெரும்பாலானவற்றுக்கு காருக்கான டிபிஎம்எஸ் செட்டைத்தான், அதாவது டயரின் காற்றழுத்தத்தைச் சென்சார் வழியாக டாஷ்போர்டில் காட்டும் கருவியைத்தான், மாட்டியிருக்கிறார்கள். அது எங்கே கைவிடும் என்று வாங்குவதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் எனக்கு சுமார் 46,000 ரூபாயும் ஒரு பயணமும் மிஞ்சியிருக்கும்.

நடந்தது இதுதான். ட்ரெய்லர் ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். நான்கு சென்சார் செட் ஒன்றை வாங்கி, அதில் இரண்டை ட்ரெய்லர் டயரிலும் இரண்டைக் காரின் பின் டயரிலும் மாட்டியிருந்தது. "ட்ரெய்லருக்கும் வரும் சார், கவலையே படாதீங்க" என்றார் விற்றவர். பெட்டியின் மேலும் ட்ரெய்லர் படம் இருந்தது. காலையில் பெங்களூரில் டயருக்கு 50 பிஎஸ்ஐ காற்று வைத்துக் கிளம்பி, அத்திப்பள்ளி சுங்கச்சாவடி தாண்டும்போது டிஸ்ப்ளே 52 காட்டியது. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டியும் அதே 52. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பக்கத்தில் வந்த லாரியின் கிளீனர் கையை வெளியே நீட்டிக் கத்தினார்: "அண்ணா, பின்னாடி டயர் போச்சுங்ணா, புகையுது!" அப்போதும் டிஸ்ப்ளேயில் 52 அசையாமல் நின்றது. இடது டயர் கிழிந்து, பிய்ந்த ரப்பர் பட்டை ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கர வளைவுத் தகட்டை அடித்து அடித்துப் பிளந்திருந்தது. கழிவுநீர்க் குழாய் போய்விட்டது, ரிம் விளிம்பும் நசுங்கியிருந்தது. லாரிகள் சரம் சரமாக இறங்கும் அந்தச் சரிவில், ஓரத்தில் குடும்பத்தோடு நின்ற நேரம் நிஜமாகவே பயமாக இருந்தது. இரண்டு டயர், ஒரு ரிம், தகரமும் பெயின்டும், மீட்பு லாரி, திரும்பக் கிடைக்காத தங்கும் அறை முன்பணம் என்று எல்லாம் சேர்ந்ததுதான் அந்த 46,000.

பிறகு வீட்டு வாசலில் சோதித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. டயரில் ஆணி ஏறியது யார் கையிலும் இல்லாத விஷயம். ஆனால் அந்த டிஸ்ப்ளேக்கு ட்ரெய்லர் சென்சாரின் சிக்னல் வந்தே பல மணி நேரம் ஆகியிருந்தது. கடைசியாகக் கிடைத்த எண்ணை அது அப்படியே வைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. சிக்னல் போய்விட்டது என்று சொல்லும் வசதியே அந்த மாடலில் கிடையாது. இன்னொன்றையும் அன்று கவனித்திருக்க வேண்டிய இடம் இருந்தது, அதை எல்லாருக்கும் சொல்கிறேன். ஓடும் டயரின் எண் ஏறியே ஆக வேண்டும். காலை 50 வைத்த டயர் வெயிலில் இரண்டு மணி நேரம் ஓடினால் 56, 57 என்று காட்டும். அசையாமல் நிற்கும் எண் நல்ல டயருக்கு அடையாளம் இல்லை, பேச்சு நின்றுபோன சென்சாருக்கு அடையாளம்.

ஆகவே வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது விலையும் இல்லை, கலர் டிஸ்ப்ளேயும் இல்லை. சென்சார் எத்தனை நிமிடம் பேசாவிட்டால் கருவி எச்சரிக்கும், எச்சரிக்கும்போது பழைய எண்ணை அழித்துக் கோடு போடுமா, ஒலி எழுப்புமா? இதற்கு விற்பவரிடம் நேரான பதில் இல்லை என்றால் அந்தச் செட் வேண்டாம். வாங்கிய பிறகும் நீங்களே சோதித்துப் பாருங்கள். ட்ரெய்லரைக் கழற்றி வாசலில் நிறுத்திவிட்டு, டிஸ்ப்ளே எரியக் காரை மட்டும் இரண்டு மூன்று தெரு தள்ளி ஓட்டிப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். ட்ரெய்லர் எண்கள் மறைந்து எச்சரிக்கை வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கருவி நெடுஞ்சாலையிலும் இப்படித்தான் சும்மா இருக்கும். கடையில் திருப்பிக் கொடுக்க முடிகிற தேதிக்குள் இதைச் செய்துவிடுங்கள்.

சிக்னல் ஏன் போகிறது என்பதற்கு வருகிறேன். இந்தச் சென்சார்கள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில், ஒரு சின்ன பொத்தான் பேட்டரியின் பலத்தில், விட்டு விட்டு அனுப்புகின்றன. காருக்கென்று செய்த செட்டுக்கு நான்கைந்து மீட்டர் தூரம் எட்டினால் போதும். ட்ரெய்லரில் காரின் நீளம், கொக்கித் தண்டு, ட்ரெய்லரின் முன்பாதி எல்லாம் சேர்ந்து டாஷ்போர்டிலிருந்து சக்கரம் எட்டு ஒன்பது மீட்டர் தள்ளிப் போய்விடும். நடுவில் காரின் பின் கதவுத் தகடு, ட்ரெய்லரின் இரும்புச் சட்டம், அலுமினியச் சுவர், நிரம்பிய தண்ணீர்த் தொட்டி. இதற்குத்தான் ரிப்பீட்டர் என்ற சின்னப் பெட்டி. சென்சாரிடம் கேட்டதை அது கொஞ்சம் பலமாகத் திரும்பச் சொல்லும். ட்ரெய்லருக்கென்றே செய்த செட்களில் இது கூடவே வரும், அல்லது தனியாக வாங்கிச் சேர்க்கலாம். அதே கம்பெனி, அதே மாடல் வரிசையாக இருக்க வேண்டும். ஒன்றின் ரிப்பீட்டர் இன்னொன்றோடு பேசாது.

ரிப்பீட்டரை ட்ரெய்லரின் முன் பக்கம், இரும்புக்குள் அடைபடாத இடத்தில், மழை நீர் படாமல் பொருத்துங்கள். 12 வோல்ட் வேண்டும். ட்ரெய்லரின் உள் பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் நிறுத்தி வைத்திருக்கும் வாரங்களிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். காரின் சாவியைப் போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து எடுப்பதுதான் சரி. சிலர் பார்க்கிங் விளக்கு வயரில் சேர்த்துவிடுகிறார்கள். பகலில் விளக்கு போடாமல் ஓட்டினால் ரிப்பீட்டரும் தூங்கும், அதனால் அது வேண்டாம். ஒரு ஆம்பியர் அல்லது இரண்டு ஆம்பியர் ஃப்யூஸ் போட மறக்காதீர்கள்.

சென்சார் எத்தனை சேர்க்கலாம் என்பதையும் பாருங்கள். காருக்கு நான்கு, ட்ரெய்லருக்கு இரண்டு, ட்ரெய்லர் ஸ்டெப்னிக்கு ஒன்று என்றால் ஏழு. நான்கோடு நின்றுவிடும் செட்டில் பின்னால் எதையும் சேர்க்க முடியாது. காரையும் ட்ரெய்லரையும் தனித்தனிக் குழுவாக வைத்து, ட்ரெய்லரைக் கழற்றிய நாளில் அந்தக் குழுவை மட்டும் நிறுத்தும் வசதி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் ட்ரெய்லர் வீட்டில் நிற்க, நீங்கள் பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்க, "சிக்னல் இல்லை" என்று கருவி கத்திக்கொண்டே இருக்கும். ஒரு வாரத்தில் சத்தத்தை அணைத்துவிடுவீர்கள். அடுத்த பயணத்தில் திரும்பப் போட மறப்பது எல்லாருக்கும் நடக்கும்.

அடுத்தது, டயருக்குள் பொருத்தும் சென்சாரா, வால்வு மூடிக்குப் பதில் வெளியே மாட்டும் சென்சாரா? உள்ளே பொருத்துவது திருடு போகாது, கசிவுக்கும் வழி குறைவு, டயருக்குள் இருக்கும் காற்றின் சூட்டை ஓரளவு சரியாகச் சொல்லும். ஆனால் பேட்டரி சீல் செய்தது. ஐந்து முதல் ஏழு வருடத்தில் தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும், அதற்கு டயரை ரிம்மிலிருந்து கழற்ற வேண்டும். வழியில் பஞ்சர் கடையில் இரும்புக் கம்பி போட்டு நெம்பும்போது உள்ளே ஒன்று இருப்பது தெரியாமல் உடைத்துவிடுவார்கள். ட்யூப் டயருக்கு இது ஆகவே ஆகாது. ட்ரெய்லரைப் பொறுத்தவரை நான் வெளி சென்சாரின் பக்கம்தான். பேட்டரியை நாமே மாற்றலாம், ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் வாங்கலாம். சூட்டு அளவு மட்டும் அதில் குறைத்துத்தான் தெரியும். டயருக்கு வெளியே காற்றோட்டத்தில் நிற்கும் பொருள் அது. 55 டிகிரி காட்டினால் டயருக்குள் அதைவிட அதிகம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெளி சென்சார் என்றால் வால்வைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும். சாதாரண டயர்களில் இருப்பது ரிம் ஓட்டைக்குள் இழுத்துப் பொருத்தும் ரப்பர் வால்வு, கடைக்காரர்கள் 413 என்பார்கள். அது 65 பிஎஸ்ஐ வரைக்குமானது. அதன் நுனியில் பத்து இருபது கிராம் எடையுள்ள சென்சாரை வைத்து நெடுஞ்சாலை வேகத்தில் சுற்றினால் மையவிலக்கு விசை அதை வெளிப்பக்கம் வளைத்துக்கொண்டே இருக்கும். நாளடைவில் அடிப்பகுதி ரப்பரில் மயிரிழை விரிசல் விழும். வால்வை விரலால் வளைத்து, ரிம்மோடு சேரும் இடத்தைப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். வெளி சென்சார் போடுவதானால் உள்ளும் புறமும் ரப்பர் வளையம் வைத்து நட்டால் முடுக்கும் உலோக வால்வுதான் சரி. ரிம்மில் வால்வு ஓட்டை பெரும்பாலும் 11.3 மில்லிமீட்டர், சில ரிம்களில் 15.7. அளந்துவிட்டு வாங்குங்கள். பெங்களூர் ஜே.சி. ரோடு கடைகளில் ரிம்மையே கொண்டு போய்க் காட்டினால் பொருத்தமானதை எடுத்துக் கொடுப்பார்கள். பித்தளை வால்வாகக் கேளுங்கள். அலுமினிய வால்வில் பித்தளைத் திருகு உள்ள சென்சாரை மாட்டினால், மழைக்காலத்துச் சேறும் ஈரமும் சேர்ந்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கழற்றப் போனால் வால்வே முறிந்து கையோடு வரும்.

மாட்டும் முறை எளிது, ஆனால் வரிசை முக்கியம். டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, நம்பகமான கேஜால் பிரஷர் வையுங்கள். எல்லா டயருக்கும் ஒரே கேஜ். திருட்டுத் தடுப்பு நட் இருந்தால் முதலில் அதை ஏற்றி, பிறகு சென்சாரைக் கையால் முடுக்கி, கடைசியில் நட்டை அதன் கீழ் இறுக்குங்கள். சென்சாரை ஸ்பேனர் போட்டு முடுக்காதீர்கள், உள்ளிருக்கும் ரப்பர் வளையம் நசுங்கும். இந்த வளையத்தைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. மூடி சென்சார் வேலை செய்ய, வால்வின் பின்னை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அப்படியானால் டயரின் காற்றை அடைத்து நிற்பது வால்வு அல்ல, அந்தச் சின்ன வளையம் மட்டும்தான். ஆகவே மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவி ஒரு நிமிடம் பாருங்கள். ஒரு குமிழி வந்தாலும் கழற்றி வளையத்தை மாற்றுங்கள். மறுநாள் காலையிலும் எண்ணைப் பாருங்கள். மாட்டும்போது ஒரு பிஎஸ்ஐ போவது இயல்பு, இரவில் இரண்டு மூன்று போயிருந்தால் கசிகிறது. கேஜுக்கும் சென்சாருக்கும் ஒன்றரை பிஎஸ்ஐ வரை வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. ஆனால் எந்தச் சக்கரத்தில் எவ்வளவு என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை அளவுகள் வைப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பெட்டியிலிருந்து வரும்போது இருக்கும் அளவு பெரும்பாலும் காருக்கானது. 50 வைக்கும் ட்ரெய்லர் டயருக்கு 26-ல் எச்சரிக்கை வந்து என்ன பயன்? குளிர்ந்த அளவிலிருந்து சுமார் 12 சதவீதம் கீழே ஒன்று, 25 சதவீதம் மேலே ஒன்று. 50-க்கு 44, 62. சூடு 70 டிகிரி. இந்த மேல் அளவு ஏன் அவ்வளவு தள்ளி என்று கேட்டால், கணக்கு இப்படி. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம், இங்கே வெளிக் காற்றழுத்தமே 13.2 பிஎஸ்ஐ அளவுதான். சேலத்தில் சுமார் 14.2. காலை 20 டிகிரியில் 50 வைத்த டயர் சேலத்தில் 38 டிகிரியில் வெறுமனே நின்றாலே 53 காட்டும். ஓடிச் சூடாகி உள்ளே 60 டிகிரி ஆனால் 57, 58. இது முழுக்க இயல்பு. வெப்பத்தால் ஏறுவதில் ஒரு பிஎஸ்ஐயை இறங்கி வந்த உயரம் தின்றுவிடுகிறது. சென்னை வரை இறங்கினால் ஒன்றரை.

இந்த 58-ஐப் பார்த்துவிட்டுத்தான் வழியில் "காத்து ஜாஸ்தியா இருக்குங்க" என்று திறந்து விடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். சூடாக இருக்கும்போது 50-க்கு இறக்கினால் மறுநாள் காலை அது 43 ஆக இருக்கும். குறைந்த காற்றில் பக்கச் சுவர் அதிகம் மடியும், அதிகம் சூடாகும், மறுபடி அதிகமாகக் காட்டும். சூட்டில் எண் அதிகம் ஏறுகிறது என்றால் காலையில் காற்று குறைவாக வைத்திருக்கிறீர்கள், அல்லது சுமை அதிகம், அல்லது அந்தச் சக்கரத்தின் பிரேக் உரசுகிறது. ஒரு பக்கம் மட்டும் 8, 10 டிகிரி கூடுதலாகக் காட்டினால் சுங்கச்சாவடி தாண்டி நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் பக்கம் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். வெயில் படும் பக்கம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அது வேறு. பேரிங்கோ பிரேக்கோ பிடித்தால் தொடவே முடியாது.

கீழ் அளவில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. ஓட்டத்தில் 58-ல் இருக்கும் டயர் 44-க்கு வந்தால்தான் எச்சரிக்கை என்றால், ஆணி ஏறி 14 பிஎஸ்ஐ போகும் வரை கருவி மௌனம். அதனால்தான் "வேகக் கசிவு" எச்சரிக்கை தனியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். சில நிமிடத்துக்குள் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறங்கினாலே, அளவு எங்கே இருந்தாலும், அது கத்தும். சிக்னல் எச்சரிக்கைக்கு அடுத்தபடியாக நான் காசு கொடுக்கத் தயாராக இருப்பது இதற்குத்தான்.

டிஸ்ப்ளே விஷயத்தில் சோலார் வேண்டாம் என்பது என் கருத்து. கண்ணாடிக்குக் கீழே மே மாத வெயிலில் நாள் முழுக்க நிற்கும் காரில் உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரி உப்பிவிடுகிறது. வயர் போட்டு எடுக்கும் மாடல் பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் சாவியோடு எரிந்து சாவியோடு அணையும். மொபைல் ஆப்பில் மட்டும் காட்டும் ப்ளூடூத் செட்டை ட்ரெய்லருக்கு நம்ப வேண்டாம். தூரமும் எட்டாது, மேப்பும் அழைப்பும் ஓடும்போது எச்சரிக்கை பின்னால் போய்விடும்.

டிபிஎம்எஸ் சொல்லாத இரண்டை நாமே பார்க்க வேண்டும். ஒன்று வயது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. ட்ரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்றே வயதாகிறது. பட்டை புதுசாக இருந்தாலும் ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடுவது நல்லது. இன்னொன்று சுமை. ஓசூர் பக்கம் எடை மேடைகள் நிறைய இருக்கின்றன. தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றிய நிலையில், முடிந்தால் இடது சக்கரம் மட்டும் ஒரு தடவை, வலது மட்டும் ஒரு தடவை மேடையில் ஏற்றி எடை பாருங்கள். சமையல் மேடையும் தொட்டியும் ஒரே பக்கம் இருந்தால் வித்தியாசம் நூறு கிலோவைத் தாண்டலாம். டயரில் சுமைக் குறியீடு 100 என்றால் 800 கிலோ, 102 என்றால் 850. கனமான பக்கத்துக்கு அது போதுமா என்றுதான் பார்க்க வேண்டும், சராசரியை அல்ல.

2020-இல் வந்த விதித் திருத்தம் 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வாகனங்களில் ட்யூப்லெஸ் டயர், டிபிஎம்எஸ், பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலும் விற்கலாம் என்றது. அதை வைத்து ட்ரெய்லர் ஸ்டெப்னியை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். கிழிந்த டயரைக் கிட் ஒட்டாது, ட்ரெய்லர் அளவு டயர் இரவில் வழியில் கிடைக்காது. கையுறைப் பெட்டியில் நான்கு பொருள் இருக்கட்டும்: திருட்டுத் தடுப்பு நட்டின் சின்ன ஸ்பேனர், மாற்று ரப்பர் வளையங்கள், சாதாரண வால்வு மூடிகள், சென்சாருக்கான பேட்டரி. பேட்டரி பெரும்பாலும் சிஆர் 1632, பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் நல்ல கம்பெனியுடையதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு சென்சாரில் தீர்ந்தால் எல்லாவற்றிலும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

ஓட்டத்தில் எச்சரிக்கை வந்துவிட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாக விழ விடுங்கள். சட்டென்று பிரேக் பிடித்தாலோ ஓரத்துக்கு வெட்டினாலோ ட்ரெய்லர் பக்கவாட்டில் தள்ளும். ஹசார்டு விளக்கைப் போட்டு, சரிவு இல்லாத, தரை கெட்டியான ஓரம் வரும் வரை நடை வேகத்தில் போங்கள், டயரை இழந்தாலும் பரவாயில்லை. ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றக் கூடாது. காரின் கைப்பிரேக் போட்டு, நல்ல டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே, போன சக்கரம் தரையில் இருக்கும்போதே அதன் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். ஜாக்கியை அச்சின் கீழ், தயாரித்தவர் குறித்த இடத்தில் வையுங்கள். மூலைகளில் இறக்கும் தாங்கு கால்களை வைத்துத் தூக்க முயன்றால் அவை வளைந்துவிடும், அவை ட்ரெய்லர் ஆடாமல் நிற்க மட்டுமே.